ஆமையார் இந்த நாட்டில் கிடைக்கமாட்டார்

1

ஓர் ஆமை எங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பப்போகிறது என்பதைத் தொலைக்காட்சிப் பெட்டியே அறிவித்தது. படத்தின் மூலையில் சிவப்பாக ஒரு வரி: ‘இம்மாத இறுதிவரை மட்டும்.’ அயல்நாட்டில் குடியிருப்பவன் சிவப்பு எழுத்தைக் கண்டால் முதலில் தேதியைத்தான் தேடுவான். வேலை அனுமதி, கடவுச்சீட்டு, மனைவியின் தயவில் கிடைத்த விசா என்று என் வாழ்க்கையே கடைசித் தேதிகளால் இழுத்துக் கட்டப்பட்டது. துணியில் தைத்துப் பஞ்சு அடைத்த ஓர் ஆமைக்கும் அப்படியொரு தேதி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் தூத்துக்குடிக்காரன். மலேசியாவின் தென்முனையில், ஜொகூர் பாருவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். மனைவி விமலா லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன் எழுந்து, பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறாள். இரண்டு நாடுகளுக்கும் நடுவில் இருக்கும் கடலை அவள் கடலாகவே மதிப்பதில்லை. போக்குவரத்து நெரிசல் என்றுதான் சொல்வாள். எங்களுக்கு ஒரே மகள், தன்யா. வருகிற கல்வியாண்டில் முதலாம் வகுப்பில் சேர வேண்டியவள்.

‘ஆமையார் அஞ்சலகம்’ என்பது பழைய தமிழ்ச் சிறுவர் நிகழ்ச்சி. பொம்மைகளை ஆட்டுகிற கயிறு கண்ணுக்குத் தெரியும். காட்டில் ஓர் அஞ்சலகம். ஒவ்வொரு நாளும் ஒரு பொட்டலம் வரும். ஆமையார் அதை முதுகில் சுமந்துகொண்டு வீடுவீடாகப் போவார். உள்ளே என்ன இருக்கும் என்று மொத்தக் காடும் கூடி ஊகிக்கும். கடைசியில் பிரித்தால் ஒரு சீப்பு இருக்கும், அல்லது ஒரு வெங்காயம். அதற்கே எல்லா மிருகங்களும் குதிக்கும். எனக்கும் அலமாரி நிறையப் புத்தகம் உண்டு, எது செவ்வியல் என்று அபிப்பிராயம் சொல்லும் வியாதியும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்குத் தகுதியானது இது ஒன்றுதான். வேறு எந்தப் படைப்பையும் இங்கே யாரும் இத்தனை முறை திரும்பப் பார்த்ததில்லை.

தன்யா பேசுவது முழுக்க அந்த ஆமை சொன்னது. பசித்தால், “பொட்டலம் வந்துவிட்டதா, ஆமையாரே?” இட்லி பிடிக்காவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு, “முகவரி தவறு! திருப்பி அனுப்புங்கள்!” காய்ச்சல் வந்தால், “பை நனைகிறது, பை நனைகிறது.” விமலா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அரைத்தூக்கத்தில் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு ஒரு கடிதம் இருக்கிறது” என்பாள். போகாதே என்பதற்கு அவளிடம் இருந்த சொல் அது. விமலா தினமும் அதை வாங்கிக்கொண்டுதான் பேருந்து ஏறுவாள்.

தன்யாவே உண்டாக்கிய வாக்கியம் என்று ஒன்றுகூடக் கிடையாது. அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்லியிருந்தார். சில பிள்ளைகள் சொல் சொல்லாகக் கற்பதில்லை, முழு வாக்கியமாக விழுங்குகிறார்கள். பிறகு ஒரு நாள் அதை உடைத்துத் தமக்கு வேண்டியதைச் செய்துகொள்வார்கள். எப்போது என்று கேட்டேன். “தெரியாது சார். ஆனா இப்ப உள்ளதை நிறுத்திடாதீங்க” என்றார்.

நிறுத்தப்போவது நான் இல்லையே. அதுவும் ஆமை கிளம்பிப் பத்துப் பதினைந்து நாளில், தன்யாவை ஒரு கல்வி அதிகாரி பார்க்கப்போகிறார். சொன்னதைப் புரிந்து பதில் பேசினால், எங்கள் தாமானிலேயே, அதாவது குடியிருப்பிலேயே, இருக்கும் தமிழ்ப்பள்ளியில் சாதாரண வகுப்பு. பேசாவிட்டால், நகரின் மறுமுனையில் வேறொரு பள்ளியில் சிறப்பு வகுப்பு. அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பொறுமையானவர்கள், நானே போய்ப் பார்த்தேன். தமிழ் மட்டும் கிடையாது. இவளிடம் இருப்பதோ தமிழ் மட்டும்.

2

கடைசித் தேதிக்கு முன்பே, நிகழ்ச்சியை இணையம் வழியாகக் காட்டும் சேவை நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். எழுதினேன் என்றால், அரட்டைப் பெட்டியில் ஓர் இயந்திரத்திடம் மன்றாடினேன்.

‘உரிமக் காலம் முடிவதால் இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்றது.

என் நாடு எது என்று உனக்கு எப்படித் தெரியும், எனக்கே சந்தேகம் என்று தட்டச்சு செய்து, பிறகு அழித்தேன். என் மகள் பேசுவது இதை வைத்துத்தான் என்று எழுதினேன். அது வருந்தியது. இதே போன்ற வேறு நிகழ்ச்சிகளைச் சிபாரிசு செய்தது. முதலாவது, சுறா மீன்களின் கார் பந்தயம்.

முன்னமே பதிவிறக்கி வைத்திருந்த பகுதிகள் மாதம் முடிந்த மறுநாள் காலையில் சாம்பல் நிறமாகிவிட்டன. திரையைக் கைபேசியில் பதிவு செய்து வைக்க முயன்றிருந்தேன்; கறுப்புத் திரைதான் பதிவாகியிருந்தது. வேறு நாட்டில் இருப்பதாகப் பொய் சொல்லும் செயலி ஒன்றைப் போட்டேன். பொய் உடனே பிடிபட்டது. சென்னையில் ஒரு நண்பனை விட்டு விசாரித்ததில், நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள் இருந்த இடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள் என்று தெரிந்தது.

மைத்துனன் சுரேஷ் வந்தான். விமலாவின் தம்பி, ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையோரம் பூச்சாடிக் கடை வைத்திருக்கிறான். எந்தத் துக்கத்துக்கும் அவனிடம் ஒரு பெட்டி இருக்கும்.

“அலமாக், இதுக்கா மச்சான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? நான் ஒரு பொட்டி கொண்டாந்திருக்கேன். உலகத்துல உள்ளது எல்லாம் வரும்.”

“திருட்டுப் பெட்டியா?”

“ஆமைய மட்டும்தானே பாக்கப் போறீங்க. ஆமை போலீஸுக்குப் போகாது லா.”

பெட்டியில் ஆமையார் வந்தார். அதே பச்சைத் துணி, அதே கயிறு. ஆனால் வாயைத் திறந்ததும் யாரோ ஒரு வாலிபன் கிரிக்கெட் வர்ணனை வேகத்தில், “ஹாய் ஃப்ரெண்ட்ஸ்! இன்னிக்கு என்ன பார்சல்?” என்றான். புதிதாகக் குரல் மாற்றியிருக்கிறார்கள். தன்யா திரையைப் பார்த்தாள். எழுந்து போய்ப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

“அதே ஆமைதானே மச்சான்?” என்றான் சுரேஷ், உண்மையிலேயே குழம்பி.

அந்த வாரத்தில் அவளுடைய வாக்கியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் போனது பொட்டலம். பசித்தால் என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். பிறகு தட்டைத் தள்ளினாள், ஒன்றும் சொல்லாமல். வார இறுதிக்குள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். எனக்கு அதில் நல்ல பயிற்சி உண்டு. பேசிக்கொண்டே இருந்தேன்.

ஒரு விடியற்காலையில் விமலா சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் காத்திருந்தாள். தன்யா விழித்து, சட்டையைப் பிடித்தாள். வாய் திறக்கவில்லை. பேருந்துக்காரர் இரண்டு முறை அழைத்த பிறகுதான் விமலா எழுந்தாள்.

3

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் ஆன்டெனாக்கள் எல்லாம் கடலைப் பார்த்து நின்ற காலம் ஒன்று உண்டு. நம் அரசாங்கத்தின் ஒளிபரப்பு புள்ளி புள்ளியாக வரும். இலங்கைக்காரர்களுடையது கடல் தாண்டிப் பளிச்சென்று வரும். அப்பா மாடியில் நின்று கம்பத்தைத் திருப்புவார். நான் ஜன்னலில் நின்று “வருது, வருது, போச்சு” என்று கத்துவேன். இங்கே வந்து விமலாவின் உறவினர்களிடம் பெருமையாக இதைச் சொன்னால், அவர்கள் சிரித்தார்கள். ஜொகூரிலும் அப்போது எல்லா வீட்டு ஆன்டெனாவும் சிங்கப்பூரைப் பார்த்துத்தான் நின்றதாம். ஆக, அடுத்த நாட்டின் படத்தைக் கடலோரத்தில் பிடிக்கும் இரண்டு பரம்பரைகள் சேர்ந்து செய்த திருமணம் எங்களுடையது. ஜாதகத்தில் பார்க்காத பொருத்தம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு நாள் மதியம் விமலாவிடமிருந்து ஒரு படம் வந்தது. தொழிற்சாலைக் கேன்டீன் மேசை, பாதி சாப்பிட்ட நாசி லெமாக், அதன் பக்கத்தில் சாய்த்து வைத்த கைபேசி. கைபேசியில் ஆமையார்.

“இங்க ஓடுதுங்க!” என்று குரல் செய்தி. “அதே குரல். நான் பூரா பாத்துட்டேன். சூப்பர்வைசர் பின்னால வந்து நின்னுட்டாரு.”

4

சிங்கப்பூரின் உரிமம் வேறு, மலேசியாவின் உரிமம் வேறு. விமலா அங்கிருந்து ஒரு மலிவான சிம் அட்டை வாங்கி வந்தாள். அது சொந்த நாட்டில் மட்டும் வேலை செய்யும் ரகம். எங்கள் வீட்டில் வைத்தால் செத்துக் கிடக்கும். ஆனால் ஸ்துலாங் கடலோரத்துக்குப் போனால் எதிர்க்கரைக் கோபுரத்தின் அலை அதன்மேல் விழும். தான் இன்னும் சிங்கப்பூரில் இருப்பதாகவே நம்பி உயிர்பெறும். இந்தத் தந்திரம் இங்கே எல்லோருக்கும் தெரியும். கடற்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு நாட்டில் இருப்பவர்கள் நிறையப் பேர்.

வேலை முடிந்ததும் தன்யாவைக் காரில் வைத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். கார் என்றால் விமலா திருத்துவாள். இங்குள்ளவர்களுக்கு அது காடி. காடியைக் கடலைப் பார்த்து நிறுத்தி, கைபேசியை முன்கண்ணாடியில் ஒட்டினேன். படம் வந்தது. கொஞ்ச நேரம் ஓடி நின்றது. நான் கதவைத் திறந்து வெளியே போய், என்னை அறியாமல், கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துத் திரும்பினேன். வருது. போச்சு. வருது. நடைப்பயிற்சிக்கு வந்த சீனத் தம்பதி என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தன்யா இருக்கைமேல் ஏறி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஆகாயத்தில் ஆமையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மாலையில், காட்சி முடிந்ததும், அவள் என்னிடம் திரும்பி, “பொட்டலம் வந்துவிட்டதா, ஆமையாரே?” என்றாள். நான் ரோட்டோரத்துக் கடைக்கு ஓடி வாழைப்பழப் பலகாரம் ஒரு பை வாங்கி வந்தேன். ஓடியது பசிக்காக மட்டும் இல்லை; அவள் முன்னால் அழ வேண்டாமே என்றும்தான்.

அதன் பிறகு ஒரு மாலையும் விடவில்லை. மழையில் அலை வராது; மழை விடும்வரை காத்திருந்தோம். அலை நழுவி மலேசியக் கோபுரத்தில் விழுந்தால், ‘இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்ற பலகை வரும். பலகை வந்தால் அவள் முன்கண்ணாடியை இரண்டு கையாலும் அடிப்பாள். கூட்டம் சேரும். ஒருமுறை ஒரு பெரியவர், பிள்ளையைக் கடத்தி வந்திருக்கிறேனோ என்று என் எண்பலகையைப் படம் எடுத்துக்கொண்டார். நான் அவருக்கு ஆமையிலிருந்து தொடங்கி விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இன்னும் இறுகியது.

5

திங்கட்கிழமை காலை அதிகாரியைப் பார்க்க வேண்டும். ஞாயிறு மாலை மூன்று பேருமாகக் கடலோரம் போனோம். விமலாவுக்கு விடுமுறை நாள். முதல்முறையாக இந்தக் கூத்தை நேரில் பார்க்கிறாள்.

படத்தின் மூலையில் சிவப்பு வரி. ‘நாளை வரை மட்டும்.’ அக்கரையிலும் உரிமம் முடிகிறது.

“ஒண்ணும் இல்ல” என்றேன். “இன்னிக்கு மூணு பகுதி போட்ருவோம். நாளைக்குக் காலையில அங்க போகுமுன்ன இங்க வந்து இன்னொண்ணு. சூடா இருக்கும்போதே கூட்டிட்டுப் போயிரலாம்.”

“அவ என்ன வடையா? சூடா கொண்டு போறதுக்கு?”

“விமலா, நாளைக்கு அவ பேசணும்.”

“பேசுவா. அந்த அம்மா நாய்ப் படத்தக் காட்டுவாங்க, இவ முகவரி தவறும்பா. அது பேச்சா?”

“அதாவது இருக்கே.”

“எத்தன நாளைக்குங்க? இங்க தூக்கிட்டாங்க. அங்கயும் தூக்கறாங்க. அப்பறம் எங்க போவோம், பாத்தாமுக்கா? படகு வாங்குவீங்களா?” பாத்தாம் இன்னும் தெற்கே இருக்கும் இந்தோனேசியத் தீவு. ஒரு கணம் நான் அதை உண்மையாகவே யோசித்தேன் என்பது என் முகத்தில் தெரிந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தது. “நான் பாலத்துல நிக்கிறப்ப தினம் நெனைக்கிறேன், இவ என்கிட்ட ஒரு நா ஒரு வார்த்த பேசிற மாட்டாளான்னு. என்கிட்டங்க. ஆமகிட்ட இல்ல.”

முன்கண்ணாடியிலிருந்து கைபேசியைப் பிடுங்கி அணைத்துத் தன் பைக்குள் போட்டாள்.

நான் அலறலை எதிர்பார்த்துக் கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. தன்யா கண்ணாடியில் கைபேசி ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வழியே எதிர்க்கரையில் விளக்குகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அலறியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. வீடு போய்ச் சேரும்வரை பின்னிருக்கையில் ஒரு முனகல் இல்லை. மகளிடம் இருந்த கொஞ்சத்தையும் ஒரு பைக்குள் போட்டு மூடிவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது. விமலாவுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். கைபேசியைத் திருப்பித் தர ஒருமுறை பையைத் திறந்து, மறுபடி மூடினாள்.

6

விமலாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான்தான் கூட்டிப்போனேன்.

சின்ன அறை. அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லோரும் மரியாதையாகப் புவான் என்றார்கள், நானும் புவான் என்றேன். அன்பான முகம். பக்கத்தில் மொழிபெயர்க்கத் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை. மேசைமேல் படம் வரைந்த அட்டைகள். தன்யா நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

புவான் ஓர் அட்டையைத் திருப்பினார்.

“இது என்னம்மா?” என்றார் ஆசிரியை.

தன்யா அட்டையைப் பார்த்தாள்.

“நாய்னு அவளுக்கு நல்லாத் தெரியும் டீச்சர்” என்றேன். “அவ பாக்கற ஒரு நிகழ்ச்சியில ஒரு நாய் வரும், அது தபாலைக் கண்டா—”

“சார், கொஞ்சம் இருங்க.”

அடுத்த அட்டை. குடை. மௌனம். புவான் என்னவோ குறித்தார். ஆசிரியை தடுப்பதற்குள் நேராகப் புவானிடமே மலாயில் இறங்கிவிட்டேன். என் மலாய் தொழிற்சாலை மலாய். இயந்திரம் நின்றுவிட்டது, ஆளைக் கூப்பிடு, இன்று கூடுதல் நேரம் என்ற அளவுக்குப் போதும். அதை வைத்துக்கொண்டு என் மகளின் மொழி வளர்ச்சியை விளக்கினேன். இயந்திரம் நன்றாக இருக்கிறது, மின்சாரம் போய்விட்டது, நாளை வரும் என்பதுபோல் ஏதோ சொல்லியிருப்பேன். புவான் பொறுமையாகத் தலையசைத்தார்.

மூன்றாவதாக இரண்டு அட்டைகளை ஒன்றாக வைத்தார். ஒன்றில் ஒரு பையன் தூங்குகிறான். இன்னொன்றில் ஒரு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

“இதுல யாருக்கும்மா பசிக்குது?”

தன்யா முன்னால் குனிந்து இரண்டையும் பார்த்தாள். நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்தேன். காதருகே, “சொல்லும்மா. உனக்குத் தெரியுமே. பொட்டலம்னு சொல்லுவியே, பொட்டலம் வந்து—”

அவள் திரும்பி, உள்ளங்கையால் என் வாயை மூடினாள்.

“அப்பா, பேசாதீங்க லா” என்றாள். “நான் பாக்கறேன்ல.”

அந்த நிகழ்ச்சியின் எல்லாப் பகுதியும் எனக்கு மனப்பாடம். அந்தக் காட்டில் அப்பா என்று யாரும் கிடையாது. ஆமையார் யாரையும் பேசாதே என்று சொன்னதே இல்லை. கடைசியில் வந்த அந்த ‘லா’ சென்னையிலும் இல்லை, தூத்துக்குடியிலும் இல்லை, இந்த ஊருடையது. அவளுடைய கை என் வாய்மேல் அப்படியே இருந்தது. அதற்குள் அவள் வயிற்றைப் பிடித்த பையனைக் காட்டி, “இவன்” என்றாள்.

என்ன சொன்னாள் என்று புவான் கேட்டார். ஆசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டு மலாயில் சொன்னார். புவான் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “பெத்துல்” என்றார். சரிதான் என்று அர்த்தம். படத்தைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை.

மீதி அட்டைகளில் பாதிக்குப் பதில் சொன்னாள், பாதிக்குச் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. முடிவில் ஆசிரியை விளக்கினார்: சாதாரண வகுப்பு, தமிழ்ப்பள்ளியிலேயே. முதல் தவணை முடிந்ததும் மறுபடி வந்து பார்ப்பார்கள். அப்போது நிலைமை மாறவும் செய்யலாம். அவ்வளவுதான் கிடைத்தது.

காடியில் ஏறுமுன் விமலா அழைத்தாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். கழிப்பறைக்கு என்று சொல்லி வெளியே வந்திருக்கிறாள்.

“என்னங்க ஆச்சு? பேசுனாளா?”

“பேசுனா.”

“ஆமை பேசுறதா?”

“இல்ல. அவளே.”

“என்னங்க சொன்னா? சொல்லுங்க.”

நாயிலிருந்து தொடங்கிக் குடை வழியாக, என் மலாயையும் விடாமல், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, கடைசியில் அந்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். விமலா மூக்கை உறிஞ்சுவது போலிருந்தது. சரி, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வோம் என்று, முதல் தவணை எப்போது முடியும், அதற்குள் நாம் என்னவெல்லாம் செய்யவேண்டும் என்று ஆரம்பித்தேன்.

“அவதான் சொல்லிட்டாளே” என்றாள் விமலா. “அப்பறம் ஏன் பேசிக்கிட்டே இருக்கீங்க? ஃபோன அவகிட்டக் குடுங்க.”